இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு

மட்டக்களப்பு
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ராத்திரி அம்மா போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனது சரியில்லை. தீபாவளி முடிந்து நான் பஸ் ஏறிய பிறகு நீங்கள் நடக்கப் போவதையே விட்டுவிட்டீர்களாம். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு முன்வாசல் இஸ்தோப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பகல் சாப்பாட்டுக்குத்தான் எழும்புகிறீர்களாம். ஏன் என்று கேட்டால், "நெஞ்சைப் பொளந்து தைச்சாச்சு, இனி மூச்சுல பலமில்ல" என்கிறீர்களாம். போனில் உங்களோடு பேசலாம் என்றால் "நல்லாருக்கேன் புள்ள" என்று ஒரு வார்த்தை சொல்லி அம்மா கையில் கொடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். இரண்டு நாள் எடுத்தாலும் பரவாயில்லை.

உங்கள் மூச்சில் பலம் போகவில்லை அப்பா. மகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் உங்கள் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு கருவியைக் கொடுத்தேனே, அதைத்தான் சொல்கிறேன். அடுத்த காம்பராப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே இருக்கிற காற்றை முழுக்க வெளியே விட்டுவிட்டு இழுக்கச் சொன்னேன். "காத்தே வராத குழாயில என்னத்த இழுக்கச் சொல்ற" என்று கோபப்பட்டீர்கள். காற்று வராமல் அடைத்து வைத்திருப்பதுதான் அந்தச் சோதனையே. அடைத்த குழாயில் இழுக்கும்போது மூச்சை உள்ளே வாங்குகிற தசைகளுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பது அழுத்தமாகத் தெரியும். பலமுறை இழுக்க வைத்து, அதில் ஆகக் கூடியதைக் குறித்துக்கொண்டேன். 84.

அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நம்பரை மட்டும்தான் சொன்னேன். அதன் அர்த்தம் இதுதான். நீளமான ஒரு குழாயின் அடி நுனியைத் தண்ணீரில் வைத்து, மேல் நுனியை வாயில் வைத்து, கன்னத்தால் உறிஞ்சாமல் நெஞ்சால் இழுத்தால், நீங்கள் இழுக்கிற வலுவுக்குத் தண்ணீர் 84 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏறி நிற்கும். தரையிலிருந்து உங்கள் இடுப்பு வரை உயரம். வாயில் இப்படி அழுத்தம் அளக்கிற முறையை அமெரிக்காவில் பிளாக், ஹயட் என்ற இரண்டு டொக்டர்கள் 1969இல் ஒழுங்காக எழுதி வைத்தார்கள். 80க்கு மேலே வந்தால் மூச்சுத் தசையில் சொல்லும்படியான பலவீனம் இல்லை என்றுதான் எங்கள் வேலையில் எடுத்துக்கொள்வோம். நெஞ்செலும்பை அறுத்து இரண்டு மாதம்கூட ஆகாத மனுசன் நீங்கள். வாழ்க்கை முழுக்கக் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை மலை ஏறிய நெஞ்சு அது, அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது.

உங்களுக்கு மட்டும் அதிர்ஷ்டத்தில் அப்படி அமைந்ததென்றும் இல்லை. சுவீடனில் இதய ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களை, ஒப்பரேஷனுக்கு முன்னாலும் இரண்டு மாதம் கழித்தும் இதே மாதிரி அளந்து 2016இல் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இழுக்கிற பலமும் வெளியே தள்ளுகிற பலமும் இரண்டு மாதத்தில் முன்பிருந்த அளவிலேயே இருந்தன. பார்த்தது சின்னக் கூட்டத்தைத்தான், உலகம் முழுக்க எல்லோருக்கும் அப்படியே என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பரேஷன் முடிந்த முதல் நாட்களில் பலமும் குறையத்தான் செய்யும். ஆனால் அது திரும்பி வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கிறது, என் கண் முன்னாலேயே முள் 84இல் நின்றது.

அப்படியென்றால் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும்போது ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பலம் வேறு, இடம் வேறு. இழுக்கிற தசைக்கு வலு இருந்தாலும், இழுத்த காற்று போய் நிறைவதற்கு நுரையீரலில் இடம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன மாதம் பதுளைக் கிளினிக்கில் உங்களை ஊதச் சொல்லி எடுத்த தாள் கிளினிக் கொப்பிக்குள்ளே மடித்துக் கிடந்தது. அதைப் பார்த்தேன். உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எவ்வளவு காற்று வர வேண்டுமோ அதில் முக்கால் பங்குதான் வந்திருக்கிறது. அந்தக் கால் பங்கு குறைவும் சேர்ந்துதான் படியில் உங்களை நிறுத்துகிறது. அது எங்கே போனது, எப்படித் திரும்பி வரும் என்று தெரிந்தால் நீங்கள் நாற்காலியை விட்டு எழும்புவீர்கள் என்று நம்புகிறேன்.

கண்டியில் ஒப்பரேஷன் அன்று காலை உங்களை மயக்கினார்களே, குறைச்சல் அப்போதே தொடங்கிவிட்டது. மயக்க மருந்து ஏறி மல்லாந்து படுத்த சில நிமிடங்களில், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நுரையீரலின் அடிப்பாகம் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் பிரிமென்றகடு என்ற தசைதான் மூச்சு வாங்குவதில் பெரிய பங்கு வேலையைச் செய்கிறது. மயக்கத்தில் அது தளர்ந்து மேலே ஏறி நுரையீரலை அழுத்தும். பிறகு இதயத்தை நிறுத்திவிட்டு, இரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு மெஷின் காற்றூட்டித் திரும்ப உள்ளே அனுப்பும். அந்த மெஷினை வைத்து முதல் தடவையாக வெற்றிகரமாக ஒரு ஒப்பரேஷன் நடந்தது 1953 மே மாதம், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில். செய்தவர் ஜோன் கிப்பன் என்ற டொக்டர். பிழைத்தது 18 வயதுப் பெண். அந்த மெஷின் இல்லையென்றால் இன்றைக்கு நான் உங்களுக்குக் கடிதம் எழுத முடியாது. ஆனால் மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க நுரையீரல் வேலை இல்லாமல் சுருங்கிக் கிடக்கும். அந்தக் காற்றறைகள் மழையில் நனைந்த படங்கை மடித்து வைத்தால் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்வதைப் போல ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரிக்க, சாதாரண மூச்சு போதாது. ஆழமான மூச்சு வேண்டும்.

ஆனால் அந்த நாட்களில் ஆழமாக மூச்சு வாங்க யாரால் முடியும்? நெஞ்செலும்பை நெடுக அறுத்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பைபாஸுக்கு இரத்தக்குழாய் எடுப்பதற்காக இடது பக்க நெஞ்சுச் சுவரின் உள்பக்கத்தையும் தொட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று நீங்கள் தடவித் தடவிப் பார்ப்பது அதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை, மெல்ல மெல்லச் சரியாகும். முதல் எக்ஸ்ரேயில் இடது அடியில் வெள்ளையாகத் தெரிந்ததும் இதன் தொடர்ச்சிதான், கொஞ்சம் நீர் தேங்கியிருந்தது. அடுத்த எக்ஸ்ரேயில் பெரும்பகுதி வற்றிவிட்டது. வலி இருக்கிற இடத்தை அசைக்காமல் காப்பாற்றத்தான் உடம்பு பார்க்கும். அதனால் மூச்சைச் சின்னச் சின்னதாக வாங்கும். சும்மா இருக்கிற மனுசன்கூட மணிக்குப் பல தடவை தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சுதான் நுரையீரலின் மூலை முடுக்கையெல்லாம் திறந்து வைக்கிறது. நெஞ்சில் தையல் போட்டவன் அதை விடுவதில்லை, இருமலையும் அடக்குகிறான். இதய ஒப்பரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் நுரையீரல் கொள்ளும் காற்று பாதியளவுக்குக் குறைந்துபோவது இப்படித்தான்.

வார்டில் உங்களுக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவி இதற்காகத்தான் வந்தது. 1970களின் தொடக்கத்தில் ரொபர்ட் பார்ட்லெட் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர், கொட்டாவி விடுகிற மாதிரி மெதுவாக ஆழமாக உள்ளே இழுக்க நோயாளியைப் பழக்கினால் நுரையீரல் விரிந்து நிற்கும் என்று யோசித்து இந்த வகைக் கருவிக்கு வழி காட்டினார். உங்கள் கருவியில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும், ஒரு செக்கனில் எத்தனை மில்லிலீற்றர் காற்றை இழுக்கிறீர்கள் என்ற கணக்கு. எல்லோரும் செய்கிற மாதிரி நீங்களும் முதலில் அதற்குள் ஊதிப் பார்த்தீர்கள். பந்து அசையவில்லை. அப்புறம் இழுத்தீர்கள், தீபாவளியன்று இரண்டு பந்தும் ஏறி நின்று மூன்றாவது துள்ளியது. வேகமாக இழுத்து மூன்றையும் ஒரு நொடிக்குத் தூக்குவதைவிட, மெதுவாக இழுத்து ஒன்றிரண்டை மேலேயே நிறுத்தி வைப்பதுதான் நல்லது. ஒட்டிய இடம் விரிய நேரம் வேண்டும் அப்பா.

அந்தக் கருவிக்குப் பெரிய மகிமை கொடுக்கவும் வேண்டாம். அலுமாரி மேலே ஏறிவிட்டதாம், அம்மா சொன்னார். அது இல்லாமலும் மூச்சு வாங்கலாம். சுவீடனில் இன்னொரு ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் நான்கு நாளும் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை ஆழமாக மூச்சுப் பயிற்சி செய்தார்கள். செய்யாதவர்களைவிட அவர்களுடைய நுரையீரலில் சுருங்கிய இடம் குறைவாக இருந்ததை ஸ்கேனில் பார்த்து 2005இல் எழுதினார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள். இப்போது உங்களுக்கு மூச்சுப் பயிற்சியைவிடப் பெரிய மருந்து நடைதான்.

ஏனென்றால் படியில் மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டும் காரணமில்லை. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் படுத்தும் உட்கார்ந்தும் இருந்ததில் கால் தசை இளைத்திருக்கிறது. இளைத்த காலுக்கு அதே படியை ஏற அதிகக் காற்று வேண்டும். ஒப்பரேஷனில் இரத்தமும் குறைந்திருக்கும், இரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும். அடுத்த கிளினிக்கில் இரத்தத்தின் அளவை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் கூட்டித்தான் உங்கள் மனது "பலமில்ல" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் இன்னும் இளைக்கும், அடி நுரையீரல் இன்னும் மூடிக்கிடக்கும், அடுத்த மாதம் இஸ்தோப்புப் படியே மலையாகிவிடும். எனக்கு அந்தப் பயம்தான்.

லயத்துச் சனம் உங்களைப் பார்க்க வரும்போது "ஆடாம அசையாம இருங்க" என்று சொல்வது பாசத்தில்தான். அதை நான் மதிக்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்திலும் ஓய்வு எடுக்கச் சொல்லி ஒரு வரி இருந்தது. ஆனால் ஓய்வென்றால் பாரம் தூக்காதே, அவசரப்படாதே, களைத்தால் நில் என்றுதான் அர்த்தம், படுத்துக்கிட என்று அர்த்தமில்லை. அதை உட்கார்ந்து விளங்கப்படுத்த ஆள் இல்லை. டிஸ்பென்சரிக்குப் போனால் பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள். நெஞ்சு அறுத்துவிட்டு வந்தவனுக்கு எப்படி நடப்பது, எப்படி இருமுவது என்று சொல்லித்தர இந்த மலைகளில் யார் இருக்கிறார்கள்? இந்த நாட்டில் பெரிய ஒப்பரேஷனை ஒரு சதம் வாங்காமல் செய்கிறார்கள், அது நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். அதே ஆள் லயத்துக்குத் திரும்பிய பிறகு கைபிடித்து நடக்க வைக்க ஒருவரும் இல்லாததை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நான் படித்த படிப்பு நம் லுணுகலையில் ஒருவருக்காவது பயன்பட வேண்டுமென்றால் அது முதலில் உங்களுக்குத்தான் பயன்பட வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

காலையில் வலி இருந்தால் இரண்டு பெனடோல் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள். வலியைத் தாங்கிக்கொள்வது ஆம்பிளைத்தனம் என்று நினைக்க வேண்டாம், வலி இருந்தால் நெஞ்சு விரியாது. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுங்கள், கை முன்னால் தள்ளப்பட வேண்டும். மூன்று எண்ணும் வரை வைத்திருந்து, உதட்டைக் குவித்து மெல்ல விடுங்கள். பத்துத் தடவை. கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் பத்து. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். பிறகு துவாயைச் சுருட்டி நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இரண்டு தடவை நன்றாக இருமுங்கள். கண்டியிலிருந்து வேனில் வரும்போது மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவிலும் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தீர்களே, அதே பிடி. பதுளைக் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போகும்போதும் பசறை வளைவுகளில் அதை விடவேண்டாம்.

மேல் லயத்து அண்ணன் டீவியில் பார்த்துவிட்டு மூச்சை அடக்கிப் பழகச் சொன்னாராம், வயிற்றை உள்ளே வெட்டி வெட்டி மூச்சு விடச் சொன்னாராம். யோகாசனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது வேண்டாம். முக்கி அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும், ஆறாத நெஞ்செலும்பில் இழுவை விழும். கக்கூஸில் முக்குவதும் கூடாது, அதனால்தான் கீரையும் பழமும் தண்ணீரும் என்று அம்மா பின்னாலேயே வருகிறார்.

நடையைச் சமதரையில் தொடங்குங்கள். லயத்துக் கோடியிலிருந்து கொழுந்து மடுவம் வரைக்கும் ஏற்றம் இல்லை. அம்மாவோ தம்பியோ கூட வரட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வார்த்தை தட்டினால் வேகத்தைக் குறையுங்கள். அது சுலபமாக வந்த பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அரை மணித்தியாலம் வரை கொண்டு போங்கள். ஏற்றத்துக்கு அப்புறம் வாருங்கள். படியில் கால் வைத்து உடம்பைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். நான்கைந்து படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு அடங்கியதும் ஏறுங்கள். களைப்பு வரும், மூச்சு வாங்கும், அது வரத்தான் வேண்டும். நின்ற சில நிமிடத்தில் அடங்கினால் எந்தக் குற்றமும் இல்லை. நடுவில் நிற்கிறீர்களே என்று யாரும் அரைப்பேர் போட்டுச் சம்பளத்தைக் குறைக்கப் போவதில்லை.

தண்ணீர்க் கேனும் அரிசிச் சாக்கும் தூக்க வேண்டாம். மூன்று மாதம் கழியட்டும், எலும்பு நன்றாகச் சேரட்டும். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறீர்களாம், தம்பி சொன்னான். கிளினிக்கில் டொக்டர் சரி சொல்லும் வரை அது கூரையில் செருகியே இருக்கட்டும்.

இது அம்மாவுக்கும் சேர்த்து. மழைக்காலம் தொடங்கிவிட்டது, குளிருக்கு அப்பா அடுப்படியில் போய்க் குந்துவார். ஜன்னல் இல்லாத அந்தக் குசினியில் ஈர விறகு புகைகிற புகை, இப்போது விரிந்து வருகிற நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. அம்மா, உங்கள் நெஞ்சுக்கும் அது நல்லதில்லை, இத்தனை வருசமாக அதை நீங்கள் இருமியே தள்ளிவிட்டீர்கள். நான் அனுப்பும் காசில் முதலில் கேஸ் சிலிண்டரை நிரப்பிக்கொள்ளுங்கள். வெந்நீர் வைக்க மட்டும் விறகு போதும், அந்த நேரம் அப்பா முன்வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருக்கட்டும். சாம்பிராணியும் கொஞ்ச நாளைக்குச் சாமி அறைக்குள்ளேயே இருக்கட்டும். பீடியை விட்ட அப்பா விட்டவராகவே இருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எந்த மூச்சு வாங்கல் சாதாரணம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, படுத்தால் மூச்சு முட்டி எழும்பி உட்கார்வது, திடீரென்று நெஞ்சு வலியோடு மூச்சு அடைப்பது. காய்ச்சலோடு மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வருவது. தையல் போட்ட இடத்தில் நீர் கசிவது, அசையும்போது நெஞ்செலும்பு "கிளிக்" என்று சத்தம் போடுவது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இரண்டு மூன்று நாளில் உடம்பு எடை இரண்டு கிலோ ஏறுவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சு முட்டலோ நெஞ்சு வலியோ என்றால் ஓட்டோ தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தம்பி போனில் அந்த நம்பரை நானே போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு விசயம் இருக்கிறது, அதற்கு உங்கள் உதவி வேண்டும். மூன்றாம் லயத்து மாமாவுக்கும் கண்டியில் ஒப்பரேஷனுக்குப் பேர் போட்டிருக்கிறார்கள், திகதி இன்னும் வரவில்லை என்று அம்மா சொன்னார். அவரும் உங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் முடிஞ்ச பொறகு மூச்சுப் பயிற்சி பார்த்துக்கலாம்" என்று இருக்கிறாராம். அது பிசகு. மூச்சுத் தசையை ஒப்பரேஷனுக்கு முன்னாலேயே பழக்குவதில்தான் பெரிய பலன் கிடைக்கிறது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில், பைபாஸுக்குக் காத்திருந்தவர்களில் நெஞ்சுச் சளிக் கோளாறு வரக்கூடிய அபாயம் அதிகமாக இருந்த 279 பேரை எடுத்து இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் ஒப்பரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னாலிருந்து தினமும் 20 நிமிடம், எதிர்த்து நிற்கும் ஒரு கருவியில் மூச்சை இழுத்துப் பழகியது. மற்றக் கூட்டத்துக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பழகாதவர்களில் 100 பேரில் 35 பேருக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு நுரையீரல் கோளாறு வந்தது, பழகியவர்களில் 18 பேருக்குத்தான். நிமோனியா 16 பேரிலிருந்து 6, 7 பேராகக் குறைந்தது. 2006இல் வந்த முடிவு இது. பலமான தசையோடு மேசையில் ஏறுகிறவன், வலியிலும் ஆழமாக மூச்சு வாங்குகிறான், பலமாக இருமுகிறான், சளி தங்குவதில்லை.

அந்த எதிர்ப்புக் கருவியை அடுத்த தடவை என்னால் கொண்டு வர முடியுமா என்று பார்க்கிறேன். அதுவரை மாமா பீடியை இன்றைக்கே நிறுத்த வேண்டும். ஒப்பரேஷனுக்கு எவ்வளவு முன்னால் நிறுத்துகிறாரோ அவ்வளவு நல்லது. இப்போதே மூச்சுப் பயிற்சியும் இருமும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஐ.சி.யூ.வில் வலியோடு படுத்துக்கொண்டு புதிதாகப் படிக்க முடியாது. எவ்வளவு நடக்கலாம் என்பதை மட்டும் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிற்கட்டும், அவருடைய குழாய்கள் இன்னும் அடைத்துத்தான் இருக்கின்றன.

சொல்லித்தர உங்களைவிட நல்ல ஆள் இந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை. ஊதக்கூடாது, இழுக்க வேண்டும் என்று நான் சொன்னால் மாமா தலையை ஆட்டிவிட்டுப் போவார். நெஞ்சில் தையலோடு இருக்கிற நீங்கள் எதிரே உட்கார்ந்து இழுத்துக் காட்டினால் கேட்பார். துவாயை எப்படிப் பிடிப்பது, படுக்கையிலிருந்து கையை ஊன்றாமல் பக்கவாட்டில் திரும்பி எப்படி எழும்புவது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும், அவரை வரச் சொல்ல வேண்டாம். உங்கள் லயத்திலிருந்து மூன்றாம் லயத்துக்குச் சமதரைதான். உங்கள் பந்துக் கருவியின் வாய்க்குழாயை மட்டும் அவருக்குக் கொடுக்க வேண்டாம். கிருமி ஒட்டும். அவருக்குப் புதிது ஒன்று வாங்கி, பதுளைக்குப் போகிற பஸ்ஸில் எனக்குத் தெரிந்த கண்டக்டர் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். லுணுகலை டவுனில் தம்பியை நிற்கச் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு எக்ஸ்ரேயையும் ஊதிய தாளையும் கொப்பியோடு எடுத்துப் போங்கள். இன்னொரு தடவை ஊதிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பழையதோடு ஒப்பிட வேண்டும். நத்தாருக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் அளக்கும் கருவியையும் கொண்டு வருவேன், 84ஐத் தாண்டுகிறீர்களா பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் மகள்